மீன் வயிற்றுக்குள் 10 ஈயக்குண்டு: அமெரிக்காவை உலுக்கிய தூண்டில் போட்டி மோசடி, முழு விளக்கம்

2022 செப்டம்பர் 30. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலம், கிளீவ்லாந்து நகரம். ஈரி ஏரிக்கரையில் இருக்கும் கோர்டன் பூங்காவில் ஒரு மீன்பிடி போட்டியின் இறுதிச் சுற்று முடிந்து, மீன்களை எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போது யாரோ செல்போனில் எடுத்த வீடியோ, அடுத்த சில நாட்களில் உலகம் முழுக்கச் சுற்றியது. போட்டி நடத்துநர் ஒரு மீனின் வயிற்றைக் கத்தியால் கிழிக்கிறார். உள்ளே இருந்து முட்டை வடிவத்தில் ஒரு ஈயக்குண்டு வந்து விழுகிறது. சுற்றி நின்ற கூட்டம் கொதித்துப்போகிறது.

"மீன் பிடிக்கிறதுல என்னங்க மோசடி?" என்று சிரித்தபடி அந்த வீடியோவை ஃபார்வர்டு செய்தவர்கள் நம்மில் நிறைய பேர். ஆனால் அந்தச் சம்பவம் நீதிமன்றம் போய், சிறைத் தண்டனையில் முடிந்தது. ஒரு மீன் போட்டி ஏன் கிரிமினல் வழக்கானது? அந்த மீனில் அப்படி என்ன இருக்கிறது? இன்றைக்கும் அமெரிக்கத் தூண்டில்காரர்கள் ஏன் இதைப் பற்றிப் பேசுகிறார்கள்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

அன்று என்ன நடந்தது?

போட்டியின் பெயர் லேக் ஈரி வால்ஐ டிரெய்ல். இருவர் சேர்ந்து ஒரு அணி. நாள் முழுக்க ஏரியில் மீன் பிடித்து, அதில் கனமான ஐந்து மீன்களைக் கொண்டுவந்து தராசில் வைக்க வேண்டும். மொத்த எடை யாருக்கு அதிகமோ அவர்களே வெற்றியாளர்.

ஜேக்கப் ரன்யன், சேஸ் கோமின்ஸ்கி என்ற இருவரின் அணி கொண்டுவந்த ஐந்து மீன்களின் எடை 33.91 பவுண்டு. அதாவது சுமார் 15.4 கிலோ. முதலிடம் உறுதி. முதல் பரிசு சுமார் 28,760 டாலர். அன்றைய மதிப்பில் 23 லட்சம் ரூபாய்க்கு மேல். அந்த ஆண்டின் சிறந்த அணி என்ற பட்டமும் அவர்களுக்குத்தான் போயிருக்கும்.

ஆனால் நடத்துநர் ஜேசன் ஃபிஷருக்கு மனசு ஒப்பவில்லை. பார்வைக்கு ஒவ்வொரு மீனும் நாலு பவுண்டு சொச்சம்தான் இருக்கும்போலத் தெரிந்தது. தராசோ கிட்டத்தட்ட ஏழு பவுண்டு என்றது. மீனைக் கையில் எடுத்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். உள்ளே ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டது. அங்கேயே எல்லார் முன்னாலும் கிழித்தார்.

ஐந்து மீன்களிலிருந்தும் மொத்தம் 10 ஈயக்குண்டுகள் வெளியே வந்தன. எட்டு குண்டுகள் தலா 12 அவுன்ஸ், இரண்டு குண்டுகள் தலா 8 அவுன்ஸ். கூட்டினால் 7 பவுண்டு, அதாவது சுமார் 3.2 கிலோ. கூடவே வேறு மீன்களிலிருந்து வெட்டியெடுத்த சதைத் துண்டுகளும் உள்ளே திணிக்கப்பட்டிருந்தன. தராசு காட்டிய எடையில் ஐந்தில் ஒரு பங்கு வெறும் ஈயம்!

கூட்டத்தின் கோபம் அடிதடியாக மாறும் நிலை. நடத்துநரே தலையிட்டு, யாரும் கை வைக்க வேண்டாம் என்று சொல்லி ரன்யனை அங்கிருந்து கிளப்பிவிட்டார். அந்த நிதானமும் வீடியோவில் பதிவாகியிருக்கிறது.

அது என்ன வால்ஐ மீன்?

பெயரைக் கேட்டால் நம்ம ஊர் வாளை மீன் ஞாபகம் வரும். ஆனால் இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது. வால்ஐ என்பது வட அமெரிக்காவின் நன்னீர் மீன். பெர்ச் என்ற மீன் குடும்பத்தைச் சேர்ந்தது. ஐரோப்பாவில் சாண்டர் என்று சாப்பிடுகிறார்களே, அதன் நெருங்கிய உறவு. வெள்ளைச் சதை, முள் குறைவு, அதிக மீன் வாடையும் இருக்காது. அதனால் சாப்பிடுபவர்களுக்கும் பிடிக்கும், பிடிப்பவர்களுக்கும் பிடிக்கும். மின்னசோட்டா மாநிலம் 1965-லேயே இதைத் தன் மாநில மீனாக அறிவித்துவிட்டது.

இதன் விசேஷமே கண்தான். இரவில் வண்டி வெளிச்சம் பட்டால் மாட்டின் கண், பூனையின் கண் பளபளக்கும் இல்லையா? விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருப்பதுதான் அதற்குக் காரணம். வால்ஐ மீனுக்கும் அதே அமைப்பு உண்டு. மங்கலான வெளிச்சத்திலும், கலங்கிய தண்ணீரிலும் இதற்கு நன்றாகப் பார்வை தெரியும். இரையாகும் சின்ன மீன்களுக்குத் தெரியாது. அந்த இடைவெளியில்தான் இது வேட்டையாடுகிறது.

அதனால் அதிகாலை, அந்தி, மேகமூட்டம், ராத்திரி ஆகியவைதான் வால்ஐ பிடிக்க நல்ல நேரம். லேசான காற்றில் ஏரியின் மேல்பரப்பு அலையடித்தால் வெளிச்சம் சிதறி, கீழே இருட்டும். அமெரிக்கத் தூண்டில்காரர்கள் அந்த மாதிரி நாளுக்குக் காத்திருப்பார்கள்.

எப்படிப் பிடிக்கிறாங்க?

இதைப் புரிந்துகொண்டால்தான் ஈயம் எப்படி இந்தக் கதைக்குள் வந்தது என்பது தெரியும்.

முதல் முறை ஜிக். முள்ளின் கழுத்தில் ஒரு சின்ன ஈய உருண்டையை வார்த்திருப்பார்கள். முள்ளில் மண்புழு, அட்டை, பொடி மீன், இல்லாவிட்டால் ரப்பர் புழு. ஏரியின் தரை வரை இறக்கி, தூக்கித் தூக்கி விட வேண்டும். விழும்போதுதான் பெரும்பாலும் மீன் கவ்வும். இந்த ஈயத்தின் எடை சாதாரணமாக 3 கிராமிலிருந்து 28 கிராம் வரை இருக்கும்.

இரண்டாவது, படகை மெதுவாக ஓட்டியபடியே இரையை இழுத்துச் செல்வது. மீன் வடிவப் பிளாஸ்டிக் பொய் இரைகளைத் தண்ணீரில் ஓடவிடுவார்கள். எல்லா நரம்பும் படகுக்குப் பின்னாலேயே போனால் சிக்கிக்கொள்ளும், படகின் சத்தத்தில் மீனும் விலகிவிடும். அதனால் நரம்பில் ஒரு சின்ன மிதவைப் பலகையை மாட்டுவார்கள். அது நரம்பைப் படகுக்குப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போகும். ஒரே நேரத்தில் பல தூண்டில்கள் போடலாம்.

மூன்றாவது, ஈரி ஏரியில் ரொம்பப் பிரபலம். சுழலும் தகடு, வண்ண மணிகள், இரண்டு முள், அதில் நீளமான மண்புழு. முன்னால் ஒரு ஈயக்குண்டு தரையை ஒட்டி உருண்டு வரும். தகடு சுழலும்போது வரும் மினுக்கும் அதிர்வும் மீனை இழுக்கும்.

ஆக, ஒவ்வொரு படகிலும் ஈயம் இருக்கும். ஒருவர் பெட்டியில் குண்டு இருப்பதை வைத்து யாரும் சந்தேகப்பட முடியாது. மோசடிக்கு இது வசதியான மறைவிடம்.

ஈயம் ஏன்? ஒரு சின்னக் கணக்கு

தண்ணீரைவிட ஈயம் 11 மடங்குக்கு மேல் அடர்த்தி. 12 அவுன்ஸ் என்பது 340 கிராம். அந்த எடையுள்ள ஈயம் பிடிக்கும் இடம் வெறும் 30 மில்லி, இரண்டு மேசைக்கரண்டி அளவு. 10 குண்டுகளையும் சேர்த்தாலே 280 மில்லிதான், ஒரு பெரிய டம்ளரில் அடங்கிவிடும். இரையை முழுசாக விழுங்கும் மீன் என்பதால் வாயும் தொண்டையும் பெரிசு. உள்ளே தள்ளினால் வெளியே தெரியாது. சதைத் துண்டுகளைத் திணித்தது குண்டுகள் ஒன்றோடொன்று உரசாமல் இருக்கவும், வயிறு இயல்பாகத் தெரியவும் இருக்கலாம்.

அப்படியும் மாட்டியது எப்படி? மீனின் எடை அதன் நீளத்தோடு நேர்விகிதத்தில் கூடாது. ஏறக்குறைய நீளத்தின் முப்படியாகக் கூடும். நீளம் 10 சதவீதம் அதிகமென்றால் எடை சுமார் 33 சதவீதம் அதிகம். அதாவது நாலு பவுண்டு மீனுக்கும் ஏழு பவுண்டு மீனுக்கும் நீளத்தில் 20 சதவீத வித்தியாசம் இருந்தாக வேண்டும். வருடக்கணக்கில் மீனை எடை போடுபவரின் கண்ணுக்கு இது உடனே தெரியும். ஈயம் எடையைக் கூட்டும், நீளத்தைக் கூட்டாது.

ஈரி ஏரிக்கு ஏன் இவ்வளவு மவுசு?

ஈரி, அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவில் இருக்கும் ஐந்து பேரேரிகளில் ஒன்று. பரப்பு சுமார் 25,700 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு. ஐந்தில் ஆழம் குறைந்தது இதுதான். அதனால் சீக்கிரம் வெதுவெதுப்பாகும், மீனுக்கு இரையும் ஏராளம். கரையில் இருக்கும் போர்ட் கிளிண்டன் என்ற ஊரில் புத்தாண்டு இரவு 12 மணிக்கு, 20 அடி நீள ஃபைபர் வால்ஐ பொம்மையைக் கிரேனில் தொங்கவிட்டு இறக்குவார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இதே ஏரியை ஒரு காலத்தில் செத்துப்போன ஏரி என்றுதான் எழுதினார்கள். 1969 ஜூனில், கிளீவ்லாந்து வழியாக இந்த ஏரியில் கலக்கும் கயஹோகா ஆற்றின் மேல் மிதந்த எண்ணெய்க் கழிவு தீப்பிடித்து எரிந்தது. 1970-இல் மீன்களில் பாதரசம் இருப்பது தெரிந்து வால்ஐ பிடிக்கவே தடை வந்தது. 1972-இல் அமெரிக்காவும் கனடாவும் பேரேரிகளின் நீர்த் தரத்துக்காக ஒப்பந்தம் போட்டன. அதே ஆண்டு அமெரிக்காவின் தூய நீர்ச் சட்டமும் வந்தது.

அதன் பிறகு மீன்வளம் மெல்ல மீண்டது. இப்போது இரண்டு நாட்டு அதிகாரிகளும் சேர்ந்து, ஒவ்வொரு ஆண்டும் எத்தனை வால்ஐ பிடிக்கலாம் என்று எண்ணிக்கை நிர்ணயிக்கிறார்கள். 2003, 2015, 2018 போன்ற ஆண்டுகளில் குஞ்சு பொரித்த மீன்கள் ஏராளமாகப் பிழைத்தன. அப்படி மீட்டெடுத்த ஏரியில்தான் இந்தப் போட்டிகள் நடக்கின்றன.

பரிசுப் பணம் யாருடையது?

கோபத்தின் முக்கியக் காரணம் இதுதான். இந்த மாதிரி உள்ளூர்ப் போட்டிகளில் பரிசுத் தொகையின் பெரும்பகுதி, கலந்துகொள்பவர்கள் கட்டும் நுழைவுக் கட்டணத்திலிருந்துதான் வருகிறது. நம்ம ஊர் டென்னிஸ் பால் கிரிக்கெட் டோர்னமென்ட் மாதிரி வைத்துக்கொள்ளலாம். எல்லா டீமும் கட்டிய பணம்தான் ஜெயித்தவன் கையில் போகும்.

அங்கே வருபவர்களில் பெரும்பாலானோர் வார நாட்களில் வேறு வேலை பார்ப்பவர்கள். லீவு போட்டு, படகுக்கு டீசலோ பெட்ரோலோ போட்டு, இரை வாங்கி, விடியும் முன்பே ஏரியில் இறங்குகிறவர்கள். ஈயத்தைத் திணித்தவர் ஏமாற்றியது ஏதோ ஒரு பெரிய நிறுவனத்தை அல்ல. பக்கத்துப் படகில் இருந்தவரை. இரண்டாம் இடம் வந்தவருக்கு, தான் உண்மையிலேயே தோற்றோமா என்பதுகூடத் தெரியாமல் போகும். முந்தைய போட்டிகளில் இவர்களிடம் தோற்றவர்கள் அன்று கூட்டத்தில் நின்று கத்தியதற்குக் காரணம் அந்தச் சந்தேகம்தான்.

இது குற்றமா? என்ன தண்டனை?

ஆம், குற்றம்தான். போட்டியின் முடிவை மோசடியாக மாற்றும் செயலை ஓஹையோ மாநிலச் சட்டம் தனிக் குற்றமாகவே வைத்திருக்கிறது. கிளீவ்லாந்து இருக்கும் கயஹோகா கவுண்டியின் அரசு வழக்கறிஞர் மைக்கேல் ஓமேலி வழக்கைக் கையில் எடுத்தார். 2022 அக்டோபரில் இருவர் மீதும் குற்றச்சாட்டுகள் பதிவாயின. போட்டியில் மோசடி, பெருந்தொகைத் திருட்டு முயற்சி, குற்றத்துக்கான கருவிகளை வைத்திருத்தல், காட்டுயிர்களைச் சட்டவிரோதமாக வைத்திருத்தல் ஆகியவை அவை. போட்டிக்குப் பயன்படுத்திய கோமின்ஸ்கியின் படகும் பறிமுதல் செய்யப்பட்டது.

திருட்டு "முயற்சி" என்று ஏன் சொன்னார்கள்? பரிசைக் கையில் வாங்கும் முன்பே மாட்டிக்கொண்டார்களே, அதனால்தான்.

2023 மார்ச்சில் இருவரும் மோசடிக் குற்றத்தையும், காட்டுயிர் தொடர்பான குற்றத்தையும் ஒப்புக்கொண்டார்கள். மற்றவை கைவிடப்பட்டன. மே மாதம் தீர்ப்பு வந்தது. 10 நாள் சிறை, ஒன்றரை ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, தலா 2,500 டாலர் அபராதம். குழந்தைகளுக்கு மீன்பிடி சொல்லித்தரும் தொண்டு அமைப்புக்கு நன்கொடை கொடுத்தால் அபராதத்தில் பாதி கழியும். சுமார் 1 லட்சம் டாலர் மதிப்புள்ள படகு போனது போனதுதான். மூன்று ஆண்டுகளுக்கு மீன்பிடி உரிமமும் நிறுத்திவைக்கப்பட்டது.

23 லட்சத்துக்கு ஆசைப்பட்டு 80 லட்சம் ரூபாய் படகை இழந்த கணக்கு!

இது முதல் முறையும் அல்ல. 2009-இல் டெக்சாஸ் மாநிலத்தின் ரே ஹப்பர்ட் ஏரியில் நடந்த போட்டியில், ஒரு பாஸ் மீனுக்குள் ஒரு பவுண்டு ஈயம் கண்டுபிடிக்கப்பட்டது. பரிசு 55,000 டாலர் மதிப்புள்ள படகு. அந்தத் தூண்டில்காரருக்கு 15 நாள் சிறை கிடைத்தது.

பொய் கண்டறியும் சோதனை இருக்கே, அது போதாதா?

கேட்க விநோதமாக இருக்கும். ஆனால் அமெரிக்காவில் பல மீன்பிடி போட்டிகளில், ஜெயித்தவர்களுக்குப் பாலிகிராஃப் என்ற பொய் கண்டறியும் சோதனை நடத்துவது சாதாரணம். நடுவர் எல்லாப் படகிலும் ஏற முடியாது. ஏரியின் நடுவில் என்ன நடந்தது என்பதற்கு சாட்சி கிடையாது. அதனால் இந்த ஏற்பாடு.

2021-இல் ஈரி ஏரியில் நடந்த வேறொரு போட்டியில், இதே ஜோடியில் ஒருவர் அந்தச் சோதனையில் தேறாததால் பரிசு மறுக்கப்பட்டது. ஆனாலும் அவர்கள் அடுத்த ஆண்டு வேறு போட்டிகளில் தொடர்ந்து கலந்துகொண்டார்கள். ஏனென்றால் அந்த இயந்திரம் பொய்யை நேரடியாகக் கண்டுபிடிப்பதில்லை. இதயத்துடிப்பு, மூச்சு, வியர்வை ஆகியவற்றின் மாற்றத்தைத்தான் அளக்கிறது. பயந்த நல்லவரும் தோற்கலாம், நெஞ்சழுத்தம் உள்ளவர் தப்பிக்கலாம். அமெரிக்க நீதிமன்றங்கள் பெரும்பாலும் இதை ஆதாரமாக ஏற்பதில்லை. இந்தியாவிலும், ஒருவரின் சம்மதம் இல்லாமல் இந்தச் சோதனையை நடத்தக் கூடாது என்று 2010-இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2022-இல் வழக்கு நின்றதற்குக் காரணம் இயந்திரம் அல்ல. எல்லார் கண் முன்னாலும் கிழிக்கப்பட்ட வயிறும், மேசையில் விழுந்த குண்டுகளும்தான்.

இப்போ எப்படித் தடுக்கிறாங்க?

கையடக்க மெட்டல் டிடெக்டரை மீன் மேல் ஓட்டிப் பார்ப்பது ஒரு வழி. ஆனால் விழுங்கிய தூண்டில் முள் இருந்தாலும் அது சத்தம் போடும். தவிர சதைத் துண்டு, ஐஸ், தண்ணீர் ஆகியவற்றை அது கண்டுபிடிக்காது.

ஜெயித்த மீன்களை வெட்டிப் பார்ப்பது இன்னொரு வழி. மீனைச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளும் வால்ஐ போட்டிகளில் இது சாத்தியம். உயிரோடு ஏரியில் திருப்பிவிடும் பாஸ் மீன் போட்டிகளில் முடியாது.

மூன்றாவது வழி, எடையையே விட்டுவிடுவது. பிடித்த மீனை அளவுப் பலகையில் வைத்து, போட்டோ எடுத்து, உடனே தண்ணீரில் விட்டுவிட வேண்டும். நீளம்தான் மதிப்பெண். மீனும் பிழைக்கும், ஈயத்துக்கும் வேலை இல்லை. ஆனால் போட்டோவில் ஏமாற்ற முடியுமா என்ற புதுக் கேள்வி அதில் வரும். எதை அளவுகோலாக வைக்கிறார்களோ, அதை வளைக்க யாராவது முயல்வார்கள். மாதாந்திர டார்கெட்டோடு வேலை பார்க்கும் யாருக்கும் இது புதிதல்ல.

அடுத்த சண்டை: திரையில் மீன் தெரிந்தால் அது திறமையா?

ஈயக்குண்டு வெளிப்படையான திருட்டு. அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. இப்போது நடக்கும் விவாதம் வேறு. படகுக்கு முன்னால் தண்ணீருக்குள் என்ன இருக்கிறது என்பதை ஒலி அலை மூலம் நேரலையாகத் திரையில் காட்டும் சோனார் கருவிகள் வந்துவிட்டன. மீன் எங்கே நிற்கிறது, இரையைப் பார்த்துத் திரும்புகிறதா, விலகுகிறதா என்பது வரை தெரியும்.

"இது வீடியோ கேம், மீன்பிடி இல்லை" என்கிறது ஒரு தரப்பு. "கருவி இருந்தாலும் மீனைக் கவ்வ வைப்பது நம்ம கையில்தானே இருக்கு" என்கிறது மறு தரப்பு. பாஸ் மீன் போட்டிகளின் பெரிய தொடர்களான பாஸ்மாஸ்டரும் மேஜர் லீக் ஃபிஷிங்கும் 2025 பருவத்தில் இதன் பயன்பாட்டுக்கு வரம்பு விதித்தன. வால்ஐ வட்டாரத்திலும் இதே வாக்குவாதம் சூடாக நடக்கிறது. பல ஆயிரம் டாலர் கருவியை வாங்க முடிந்தவருக்கும், ஒரு பழைய படகும் பெட்டி நிறைய ஜிக்கும் மட்டும் வைத்திருப்பவருக்கும் ஒரே போட்டியா என்ற கேள்வி அதன் அடியில் இருக்கிறது.

இதற்கு மெட்டல் டிடெக்டரில் பதில் கிடைக்காது. எது திறமை, எது கருவி என்பதைப் போட்டிக்கு வருபவர்கள் தாங்களே பேசி முடிவெடுக்க வேண்டும். கோர்டன் பூங்காவில் அன்று கத்தியை எடுக்க வேண்டியிருந்தது விதி இல்லாததால் அல்ல. விதி இருந்தது. இருவர் அதை மதிக்கவில்லை. அந்த இரண்டு பேருக்காக இனி ஒவ்வொரு நேர்மையான தூண்டில்காரரின் மீனையும் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் தராசில் வைப்பார்கள்.